உன் விரலில் எடுத்த ரத்தம்

கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், "மொதல்ல இதைப் படிங்க" என்று உன் அம்மா கையில் திணித்தாள். வழக்கம் போலச் சத்தமாகவே படித்தேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அந்த இடம் எது என்று சொல்கிறேன். "நாப்பத்திரண்டு நோட்டு, எல்லாம் மாட்டைப் பற்றி ஒரே கட்டுரை. பத்து நோட்டுப் படிச்சேன். அப்புறம் படிக்காமலே சிவப்பு மையில சரி போட்டுக்கிட்டே போயிட்டேன். ஒருத்தருக்கும் தெரியலை, எனக்கே சிரிப்பா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழேயே, "வாத்தியாரம்மா ஆகி ரெண்டு வருஷத்துலயே எனக்கு இப்படிச் சலிச்சுப் போச்சு. நீங்க எப்படிங்கப்பா இத்தனை வருஷம் மலை மலையா நடக்கறீங்க? அலுப்புன்னு நீங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே. அந்த ரகசியத்தை எனக்கும் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாய்.

படித்து முடித்ததும் உன் அம்மா, "சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க, ரகசியத்தை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் குரலில் கேலி இல்லை. அந்த ரகசியம் அவளுக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. பத்து வருஷமாக உன்னிடம் மறைத்துவிட்டேன். மறைத்தது மட்டுமா, நீ என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன். இப்போது என் வாயால் சொல்லாவிட்டால் நீயும் நான் போன வழியிலேயே போய்விடுவாய் என்று பயமாக இருக்கிறது. சொன்னால் உன் கண்ணில் நான் என்னவாக ஆவேன் என்பதும் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு பயத்தையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த மலேரியா வேலைக்கு வந்தபோது எப்படி இருந்தேன் தெரியுமா? அடிவாரத்துக்காரனான எனக்குச் சின்ன வயதிலிருந்தே கொல்லிமலை என்றால் குளிர்காய்ச்சல்தான். மேலே போனவன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டுதான் திரும்புவான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதை ஒழிக்கிற வேலை என்றதும் என்னவோ பட்டாளத்தில் சேர்ந்தவன் மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. உன்னையும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலை மேல் இருக்கும் செம்மேட்டுக்குக் குடி வந்தேன். வேலை என்ன என்று உனக்கே தெரியும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். "காய்ச்சல் யாருக்காவது இருக்குதுங்களா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் விரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, பேரும் ஊரும் வயதும் எழுதி, கசப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். சுவரில் வரைந்திருக்கிற கட்டத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு அடுத்த வீடு. கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கிக் கீழே அனுப்பினால் அங்கே பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து முடிவு அனுப்புவார்கள்.

முதல் வருஷம் நான் நடக்கவில்லை, ஓடினேன். தேவனூர் நாட்டு ஊர் ஒன்றில் ஒரு மனிதர் உச்சி வெயிலில் அடுப்போரம் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது அவர் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மாட்டை நிறுத்திவிட்டு, "மலேரியாக்காரரே! எந்திரிச்சுட்டேனுங்கோ!" என்று மலையே எதிரொலிக்கக் கத்தினார். ஒரு பலாப்பழத்தையும் தலையில் ஏற்றி விட்டார். அதைச் செம்மேடு வரைக்கும் சுமந்து வந்தேன். நீ ஆசையாகக் கையை விட்டுப் பால் ஒட்டிக்கொண்டு அழுதாயே, அந்தப் பழம்தான். அன்றைக்கு எனக்குக் கால் வலியே தெரியவில்லை. இந்த ஒரு கூப்பாடு போதும், ஆயுசுக்கும் நடப்பேன் என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் காய்ச்சல் குறைந்தது. ஊருக்கு அது நல்ல செய்தி. எனக்குத்தான் கெட்டதாகப் போயிற்று. பொழுது விடிவதற்கு முன்னால் கிளம்பி, பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, மூச்சு வாங்க ஒரு வீட்டு வாசலில் நின்று, "காய்ச்சல் இருக்குதுங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க." அடுத்த வீட்டில், "இல்லீங்க." அடுத்த ஊரில், "இல்லீங்க, எல்லாரும் சொகமா இருக்கோமுங்க." நாள் முழுக்க நடந்து அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஏர் ஓட்டியவர் போட்ட கூப்பாடு எங்கேயும் கேட்கவில்லை. ஒருநாள் ஓர் அம்மா அப்படிச் சிரித்துக்கொண்டே "இல்லீங்க" என்றபோது, "இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல, "போன மாசம் பையனுக்குக் கொஞ்சம் சுட்டுச்சுங்க" என்றாள். காய்ச்சல் வரவில்லை என்பதற்காக ஒரு தாயை என்னிடம் சமாதானம் சொல்ல வைத்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் இன்ஸ்பெக்டர் வேறு. கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் அவரைக் கேட்பார்கள், அவர் என்னைக் கேட்பார். "என்னய்யா, உன் பெட்டி காத்தாடுது? மத்தவன் பெட்டியெல்லாம் நிறைஞ்சு வருது. நீ மலை ஏறுறியா, இல்லை மரத்தடியில தூங்குறியா?" காய்ச்சல் இல்லாத ஊரில் நான் யாரைக் குத்துவது? இப்போது சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. அன்றைக்கு இதையே எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஆலத்தூர் நாட்டில் என் பொறுப்பில் இருந்த ஊர்களிலேயே கடைசி ஊர் தொட்டிப்பாறை. பதினோரு வீடு. ஓர் ஓடையைத் தாண்டிச் செங்குத்தாக ஏற வேண்டும். ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. ஊர் எல்லையில் ஒரு பலாமரம், அதன் அடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சர்க்கார் ஆளாக இருந்தாலும் அப்படித்தான். என் டயர் செருப்பு மரத்தடியில் கிடந்தால் மலேரியாக்காரர் வந்திருக்கிறார் என்று காட்டு வேலையில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். அங்கே சின்னப்பொண்ணு என்று உன் வயதில் ஒரு பெண் இருந்தாள். நான் திரும்பி வருவதற்குள் என் செருப்பில் ஏறி நின்று நடந்து பார்ப்பாள், என்னைக் கண்டதும் சிட்டாய்ப் பறந்துவிடுவாள்.

ஒரு மழைநாள், அந்த ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. கால் வலி இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. மேலே போனால் பதினோரு "இல்லீங்க" காத்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து என் விரலையே குத்தினேன். ஒரு கண்ணாடியில் பூசித் தொட்டிப்பாறை ஆள் ஒருவரின் பேரை எழுதினேன். இன்னொரு விரல், இன்னொரு பேர். கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். "இன்னைக்கு நேரத்துல வந்துட்டீங்களே" என்று உன் அம்மா சந்தோஷப்பட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ எழுதியிருக்கிறாயே, எனக்கே சிரிப்பாக இருந்தது என்று, அதே மாதிரி நானும் எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த வரியில்தான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

முதலில் ஒரு முறை, அடுத்து இரண்டு முறை, அப்புறம் தொட்டிப்பாறைக்குப் போவதையே விட்டுவிட்டேன். மூன்று மாதம். கண்ணாடி மட்டும் தவறாமல் போயிற்று. இன்ஸ்பெக்டர், "இப்பத்தான்யா நீ வேலைக்காரன்" என்றார். ஒரே ஆளின் ரத்தம் எத்தனை நாளைக்கு ஓடும்? என் விரல்கள் புண்ணாகிவிட்டன. உன் அம்மாவைக் கேட்டேன், ஏதோ ஆபீஸ் பரிசோதனை என்று சொல்லி. இரண்டு தடவை நீட்டினாள். மூன்றாம் தடவை, "போங்க, எனக்கு வேலை கிடக்குது" என்று கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம்தான், கண்ணு, உன்னைக் கூப்பிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். குத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய், ஆனால் கையை இழுக்க மாட்டாய். ஒரு கடலை மிட்டாய் கொடுப்பேன். "ஏனுங்கப்பா, என் ரத்தம் எங்கீங்க போகுது?" என்று கேட்டாய். "கீழ பெரிய ஆபீஸுக்குப் போகுது கண்ணு, பூதக்கண்ணாடியில வெச்சுப் பார்ப்பாங்க" என்றேன். "என் பேரு எழுதுனீங்களா?" என்றாய். "எழுதிட்டேன் சாமி" என்றேன். உன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் கையில் இருந்த கண்ணாடியில் வேறு பேர் இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் போய், என் ரத்தம் சர்க்காருக்குப் போகுது என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறாய். உன் வாத்தியார் என்னைச் சந்தையில் பார்த்து, "பொண்ணு ரொம்பப் பெருமையாச் சொல்லுதுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அடுத்த வாரம் நீயே வந்து, "இன்னைக்கு எந்த விரலுங்கப்பா?" என்று கேட்டாய். இடது கை மோதிர விரலைப் பிடித்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் உனக்கு உடம்பு சுட்டது. நடுங்கவும் செய்தாய். "புள்ளைக்கு என்னமோ பண்ணுது, தொட்டுப் பாருங்க" என்றாள் உன் அம்மா. "மழையில நனைஞ்சிருப்பா. சுக்குத் தண்ணி வெச்சுக் குடு" என்றேன். சொல்லிவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? அந்த வாரக் கணக்குக்கு ஒரு கண்ணாடி குறைந்தது. காய்ச்சலில் கிடந்த உன் விரலைப் பிடித்துக் குத்தினேன். அத்தனை மாதத்தில் நான் எடுத்த கண்ணாடிகளிலேயே எடுத்தே ஆக வேண்டிய கண்ணாடி அது ஒன்றுதான். அதன் மேல் "சின்னப்பொண்ணு, வயது பத்து, தொட்டிப்பாறை" என்று எழுதினேன். மாத்திரை கொடுக்கத் தோன்றவில்லை. ஊர் ஊராகப் போய் எந்தக் காய்ச்சலைத் தேடினேனோ அது என் வீட்டுப் பாயில் படுத்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. "ஒருநா விட்டு ஒருநா சுடுதுங்க" என்று உன் அம்மா சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் அதுதான் மலேரியா என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே என் காதில் செத்துப்போயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து இன்ஸ்பெக்டரே மலையேறி வந்துவிட்டார். முகமெல்லாம் பல். "தொட்டிப்பாறையில ஒண்ணு மாட்டிருச்சுய்யா! சின்னப்பொண்ணுன்னு ஒரு பிள்ளை. அஞ்சு நாள் மாத்திரை கொண்டாந்திருக்கேன். நாளைக்குக் காலையில நானும் வரேன், ஊர் முழுக்க ரத்தம் எடுத்துருவோம்" என்றார். அவர் கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நீ வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். முகம் வெளிறிக் கண் உள்ளே போயிருந்தது. இரண்டு வாரமாக அப்படித்தான் இருந்திருக்கிறாய், அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னப்பொண்ணு பேர் போட்டிருந்த பொட்டலத்தைப் பிரித்து முதல் நாள் மாத்திரையை உனக்குக் கொடுத்தேன். "கசக்குதுங்கப்பா" என்று துப்பப் பார்த்தாய், வாயைப் பொத்திக் குடிக்க வைத்தேன். உன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் உன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தடவிக் குத்துத் தடத்தை எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, "மொதல்ல அந்த ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றாள். அதற்கப்புறம் பத்து நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டரோடு மேலே ஏறினேன். சின்னப்பொண்ணு ஓடியாடிக்கொண்டிருப்பாள், இவர் மூணு மாசமா வரவே இல்லீங்க என்று எவராவது சொல்வார்கள், இன்றோடு வேலை போயிற்று, இதுதான் மனதில் ஓடியது. பலாமரத்தடியில் செருப்பைக் கழற்றினோம். எந்தப் பிள்ளையும் ஓடி வரவில்லை. காட்டில் சாமை முற்றிச் சாய்ந்து கிடந்தது, அறுக்க ஆள் இல்லை, குருவி தின்றுகொண்டிருந்தது. முதல் வீட்டில் புருஷனும் பெண்சாதியும் படுத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் மூன்று பேர். நாலாவது வீடு பழனியம்மாவுடையது, சின்னப்பொண்ணின் அம்மா. உள்ளே கம்பளிக்குள் சின்னப்பொண்ணு பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "நேரத்துல பிடிச்சிருக்கய்யா" என்றார்.

இப்போது எழுதப்போவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான வரி. அந்தக் குழந்தை நடுங்குவதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, பொய் மெய்யாகிவிட்டது, தப்பித்தேன் என்று இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், ஆனால் இருந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அடுத்த நிமிஷமே தோன்றியது உண்மைதான், அதற்காக முதலில் வந்தது இல்லை என்றாகிவிடுமா? எத்தனை வருஷம் ஆனாலும் அந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை.

பழனியம்மா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளுக்கும் காய்ச்சல். ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தவளுக்குப் போன மாதம் காய்ச்சலில் கலைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுவரில் என் கையெழுத்துக் கட்டத்தைத் தேடினார் இன்ஸ்பெக்டர். "நோம்பிக்குச் சொவுத்தை மெழுகிட்டோமுங்க" என்று பண்டிகையைக் காரணம் சொன்னாள் அவள். உடனே அவர், "இவர் பதினஞ்சு நாளைக்கு ஒருமுறை வர்றாராம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என் பாதத்தையும் பார்த்தாள். "வாராருங்க" என்றாள். அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் என் பக்கம் திரும்பிச் சன்னமான குரலில், "மூணு மாசமா தெனமும் அந்த மரத்தடியைப் பார்த்தனுங்க. உங்க செருப்பைக் காணலீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன்.

ஐந்து நாளும் அங்கேயே கிடந்து எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தேன். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நீயும் தேறிவிட்டாய். உனக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் தொட்டிப்பாறை ஆட்கள் சந்தைக்கு முதல்நாளே வந்து நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்தான் தங்குவார்கள். அவர்களைக் கடித்த கொசு உன்னைக் கடித்திருக்கும். நான் போகாத ஊர் என் வீட்டைத் தேடி வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆபீஸில் நான் எதையும் சொல்லவில்லை. அவர்களாக ஒரு பாராட்டுத் தாள் அனுப்பினார்கள், தக்க சமயத்தில் நோயைக் கண்டுபிடித்ததற்காக. நம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததே, அதுதான். உன் அம்மா மாட்ட வேண்டாம் என்றாள், நான்தான் மாட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் நீ அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாய். வேலைக்குக் கிளம்பின அன்று அதன் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாய். நான் மூட்டை கட்டுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

சரி, அதற்கப்புறம் எப்படி நடந்தாய் என்று கேட்பாய். முதலில் வெட்கத்தில்தான் நடந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் தொட்டிப்பாறைக்கே முதலில் போவேன். செருப்பை நன்றாகக் கண்ணில் படும்படி வைப்பேன். வெட்கம் கொஞ்ச தூரம்தான் தள்ளிக்கொண்டு போகும் கண்ணு, அதற்கப்புறம் அதுவும் பழகிப்போகும். மறுபடியும் அந்த அலுப்பு வந்தது. ஆனால் இந்த முறை அதைப் பார்த்ததும் பயந்தேன், எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியுமே. அதனால் ஒன்று செய்தேன். வாசலில் நின்று கேட்பதை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மிளகு எப்படிக் காய்த்திருக்கிறது, மாடு ஈன்றதா, எதையாவது கேட்டுவிட்டுக் காய்ச்சலைக் கேட்பேன். "இல்லீங்க" என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். அந்தச் சொல்லைக் கேட்கத்தானே இத்தனை பாடும் என்பது மண்டையில் ஏற இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று. சில நாள் இன்றைக்கும் ஏறுவதில்லை. அப்படிப்பட்ட நாளில் இரண்டு வீடு குறைத்துப் போவேன், போகாத வீட்டைப் போகவில்லை என்றே எழுதுவேன், திட்டு வாங்குவேன்.

இதையெல்லாம் எழுதினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழனியம்மாவிடம் நான் இதுவரை வாயைத் திறந்ததில்லை. அவளிடம் சொல்லாமல் உனக்கு எழுதுவது சரியில்லை என்று பட்டது. அந்த ஊர் இப்போது வேறொருவர் பொறுப்பு. ஆனாலும் நேற்றுக் காலை கிளம்பிப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணைத் தேவனூர் நாட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம், இரண்டு பிள்ளைகளாம். உட்காரச் சொன்னாள், நான் நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்கு இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாருங்களே, சின்னப்பொண்ணு ரத்தத்துல கண்டுபிடிச்சோம்னு. அது அவ ரத்தம் இல்லீங்க."

அவள் கை நிற்கவில்லை. "தெரியுமுங்க" என்றாள். "நீங்கதான் அவளைக் குத்தவே இல்லீங்களே. ஐயா சொன்னப்பவே அவ விரலைப் பார்த்தனுங்க."

"தெரிஞ்சுமா வாராருன்னு சொன்னீங்க?"

"வேற என்னுங்க சொல்றது? இல்லைன்னா உங்களை எடுத்துப் போட்டுருப்பாங்க. அடுத்த ஆளு வந்து சேர்றதுக்குள்ள இந்த ஊருல யாருங்க மிஞ்சியிருப்பா? அன்னைக்கு மாத்திரைப் பொட்டி உங்க கையிலதானுங்க இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் வயிற்றில் இருந்து போன பிள்ளை நினைவுக்கு வந்தது, எந்த வாயால் கேட்பது? அதற்குள் அவள், "அப்ப அது யாரு ரத்தமுங்க?" என்றாள்.

"எம் பொண்ணோடதுங்க. உங்க புள்ள வயசுதான்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யோ சாமி! அந்தப் புள்ளைக்கு நல்லாப் போச்சுங்களா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணு. பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், ஆனால் நான் பதில் சொல்லும் வரைக்கும் அவள் மூச்சு விடவில்லை. அதே கேள்வியை இத்தனை வருஷமாக எத்தனை வாசலில் கேட்டிருப்பேன்! ஒரு தடவைகூட நான் அப்படிக் கேட்டதில்லை. "நல்லாப் போச்சுங்க, இப்ப வாத்தியாரம்மாவா இருக்குதுங்க" என்றேன். "ஒருக்கா கூட்டியாங்க, பார்க்கோணும்" என்றாள். பலாமரத்தடிக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

உன்னிடம் சொல்ல என்னிடம் வேறு ரகசியம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாராட்டுத் தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். உன் அம்மா பார்த்தாள், அந்த இடத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். உன் பேரை எழுதினேன் என்று சொன்னேனே, அந்தப் பொய்க்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். விரலைக் குத்தியதைவிட அதுதான் என்னை உறுத்துகிறது. கோபம் வந்தால் கோபமாகவே எழுது, உனக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் அதற்கு முன்னால், திங்கட்கிழமை அந்த முப்பத்திரண்டு நோட்டையும் திரும்ப வாங்கு. ஒரே நாளில் முடிக்க வேண்டாம், முடிகிற அளவு படி. மாட்டைப் பற்றி அந்தப் பிள்ளைகள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு எழுது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அப்பா